ஆழ்கடல் வெந்நீர் ஊற்றைச் சுற்றி எந்த உயிரி எங்கே குடியிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அந்தச் சூட்டில் எப்படி உயிரோடு இருக்கின்றன?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான், கீழே பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது இன்னொன்று. ஒரே ஊற்றைச் சுற்றி, நம் வீட்டு முற்றம் அளவே உள்ள இடத்தில், புழு இங்கே, சிப்பி அங்கே, கடல் சாமந்தி அதற்கும் அப்பால் என்று யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல ஏன் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன? கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

முதலில், வெந்நீர் ஊற்று என்றால் என்ன?

கடலடியில் நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களில் பாறை விரிசல் விட்டுக்கிடக்கும். அதற்குள் கடல்நீர் இறங்கி, கீழே இருக்கும் பாறைக்குழம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு, வழியில் இரும்பு, செம்பு, துத்தநாகம், ஹைட்ரஜன் சல்பைடு என்று கிடைத்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. 350, 400 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்தாலும் அது கொதிக்காது. 2,500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாம் மேலே உணர்வதைப்போல 250 மடங்கு. வெளியே உள்ள கடல்நீர் சுமார் 2 டிகிரி. சூடான நீர் அதைத் தொட்டவுடன் கரைந்திருந்த உலோகங்கள் கறுப்புத் தூளாகப் பிரிந்து புகைபோல எழும்பும், ஒரு பகுதி வாயிலேயே படிந்து கூண்டாக வளரும். கரும்புகைக் கூண்டு என்பது இதுதான்.

எல்லா ஊற்றும் இப்படி ஆர்ப்பாட்டமாக இருக்காது. பாறை இடுக்கில் வெதுவெதுப்பான நீர் சும்மா கசிகிற இடங்களும் உண்டு, உயிரிகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கசிவுதான் வசதி. அட்லாண்டிக்கில் 2000-இல் கண்டுபிடித்த 'லாஸ்ட் சிட்டி' இன்னொரு ரகம். வெள்ளைச் சுண்ணாம்புக் கூண்டுகள், 60 மீட்டர் உயரம் வரை, நீரும் 40 முதல் 90 டிகிரிதான். பார்க்க அரண்மனை போலிருக்கும், ஆனால் பெரிய பிராணிகளின் கூட்டம் அங்கே கிடையாது.

இதையெல்லாம் யார், எப்போது கண்டுபிடித்தார்கள்?

1977 பிப்ரவரி, ஈக்வடாருக்கு மேற்கே கலாபகோஸ் பிளவு. வெந்நீர் ஊற்று இருக்கவேண்டும் என்று கணக்குப்போட்டுத் தேடிப்போன புவியியலாளர்கள், ஆங்கஸ் என்ற கேமரா வண்டியைக் கடல்தரைக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு இடத்தில் வெப்பமானி சில நிமிடம் மட்டும் துள்ளி அடங்கியது. ஆயிரக்கணக்கில் எடுத்த படங்களைக் கழுவிப் பார்த்தால் எல்லாம் வெறும் எரிமலைப் பாறை, வெப்பம் துள்ளிய அந்த இடத்தின் பதின்மூன்று படங்களைத் தவிர. அவற்றில் குவியல் குவியலாகச் சிப்பிகள்.

அப்புறம் ஜாக் கோர்லிஸ், ட்யேர்ட் வான் ஆண்டெல் இருவரும் ஆல்வின் என்ற மனிதர் ஏறும் நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார்கள். ஆழ்கடல் பாலைவனம் என்று படித்து வளர்ந்தவர்கள் முன்னால் ஒரு சந்தைக்கூட்டம். இதில் வேடிக்கை, கப்பலில் ஒரு உயிரியலாளர்கூட இல்லை. எல்லோரும் கல்லும் மண்ணும் நீரின் வேதியியலும் படித்தவர்கள். எடுத்த பிராணிகளைப் பதப்படுத்தப் போதுமான ஃபார்மலின் இல்லாமல், பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்கள். அறிவியல் வரலாற்றில் வோட்கா இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட இடம் வேறு இருக்குமா தெரியவில்லை.

அந்த 1977 ஊற்றுகள் வெதுவெதுப்பானவைதான். உண்மையான கரும்புகைக் கூண்டுகளை 1979-இல், மெக்சிகோவுக்கு அருகே கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில் பார்த்தார்கள். நீரின் சூட்டை அளக்க நீட்டிய கோலின் முனை உருகிவிட்டது.

வெயிலே படாத இடம். என்ன சாப்பிடுகின்றன?

பாக்டீரியா போடும் சோறு. மேலே செடிகொடிகள் வெயிலைக் கொண்டு உணவு செய்வதுபோல, இங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை (அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுதான்) ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு உணவு செய்கின்றன.

பெரிய குழாய்ப்புழு, ரிஃப்டியா என்று பெயர், இரண்டு மீட்டர் வரை வளரும். அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. அது எப்படிச் சாப்பிடுகிறது என்று மெரிடித் ஜோன்ஸ் என்ற புழு ஆய்வாளர் ஹார்வர்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த காலீன் கவானா என்ற மாணவி, அப்படியானால் உள்ளேயே பாக்டீரியா இருந்தாக வேண்டும் என்று அங்கேயே எழுந்து சொல்லி, 1981-இல் நிரூபித்தும் காட்டினார். குஞ்சுப்புழுவுக்கு இந்தப் பாக்டீரியா பிறவியில் வருவதில்லை. சுற்றியுள்ள நீரிலிருந்து தோல் வழியாக ஏறுகிறது. அதன்பிறகு குடல் மறைந்து, பாக்டீரியாவுக்கான ஒரு பெரிய பை உடலை நிறைத்துவிடும்.

ஒரு சின்னத் திருத்தம். "சூரியனே வேண்டாத உயிர்கள்" என்று எழுதுகிறார்கள், அது முழு உண்மை இல்லை. பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் கடல்நீரில் கரைந்து வருவது, அதைச் செய்தது மேலே வெயிலில் இருக்கும் பாசியும் செடியும்தான். ஆக, தூரத்துச் சொந்தமாகவாவது சூரியன் உண்டு.

சரி, யார் எங்கே இருக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். ஊற்று நீரில் சல்பைடு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. கடல்நீரில் ஆக்சிஜன் இருக்கிறது, சல்பைடு இல்லை. பாக்டீரியாவுக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அவை கலக்கும் ஒரு மெல்லிய எல்லையில் மட்டும்தான், அங்கேயும் அவை ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொண்டே இருக்கும். மார்கழியில் தீ மூட்டிக் குளிர்காய்கிறவர்களைப் பாருங்கள். ஒட்டி உட்கார்ந்தால் சுடும், தள்ளிப்போனால் விறைக்கும், இடையில் ஒரு வளையத்தில்தான் எல்லோரும் இருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் வளையம் வேறு.

நன்றாக ஆராயப்பட்ட கிழக்குப் பசிபிக்கை எடுத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே நடப்போம். கூண்டின் சுவரிலேயே, தீக்கு மிக அருகில், ஆல்வினெல்லா என்ற புழு காகிதம்போன்ற குழாய் கட்டிக்கொண்டு இருக்கும். முதுகில் வெள்ளைக் கம்பளிபோல பாக்டீரியா இழைகள். பாம்பேய் புழு என்றும் சொல்வார்கள், எரிமலையில் புதைந்த அந்த ரோமானிய நகரத்தின் நினைவாக.

கூண்டை விட்டு இறங்கி, பாறை வெடிப்பில் வெதுநீர் வேகமாக வரும் இடங்களில் ரிஃப்டியா புதர். வெள்ளைக் குழாய், மேலே ரத்தச் சிவப்பான பூங்கொத்து. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ளதைப்போன்ற ஹீமோகுளோபின்தான், ஆனால் அது ஆக்சிஜனையும் சல்பைடையும் தனித்தனியாகப் பிடித்துவைத்து, ஒன்றோடொன்று சண்டைபோடாமல் உள்ளே கொண்டுபோகும். நமக்கென்றால் சல்பைடு பட்டாலே மூச்சு நின்றுவிடும்.

அதற்கடுத்து, வரத்து குறைவான இடத்தில், கேரளத்தில் கல்லுமக்காய் என்று வறுத்துச் சாப்பிடுகிறார்களே அதன் உறவுக்காரச் சிப்பிகள் மெத்தைபோலப் படர்ந்திருக்கும். இவை சாமர்த்தியசாலிகள். செவுளில் பாக்டீரியா வைத்திருக்கின்றன, கூடவே நீரை வடிகட்டியும் தின்னத் தெரியும், அதனால் ஊற்று வற்றத் தொடங்கினாலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பெரிய வெள்ளை மட்டிகள் வேறு வழி கண்டுபிடித்தன. பாறை இடுக்கில் வரிசையாகச் செருகிக்கொண்டு, காலைக் கீழே விட்டுச் சல்பைடை உறிஞ்சும், மேலே நீட்டிய குழாயால் ஆக்சிஜனை வாங்கும். அவற்றைச் சுற்றியுள்ள நீரைத் தொட்டால் வெறும் கடல்நீர்போல ஜில்லென்றுதான் இருக்கும், சூடு இடுக்குக்குள்ளே.

இன்னும் வெளியே போனால் சல்பைடே இல்லை. அங்கே இருப்பவை ஊற்றிலிருந்து மிதந்து வரும் பாக்டீரியாவையும் துணுக்குகளையும் பிடித்துத் தின்பவை. சுண்ணாம்புக் குழாய் கட்டும் சிறுபுழுக்கள், கடல் சாமந்திகள், 1977-இல் பார்த்தவர்கள் டேன்டிலியன் பூ என்று பெயர்வைத்த மஞ்சள் பந்துபோன்ற ஒன்று (ஜெல்லிமீனின் உறவு, கயிறுகட்டிய பலூன்போல மிதக்கும்). வெள்ளை நண்டுகளும் விலாங்குபோன்ற வெளிர் மீன்களும் எந்த வளையத்துக்கும் கட்டுப்படுவதில்லை, ரேஷன் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள்போல எல்லா இடமும் சுற்றும்.

அப்படியானால் 400 டிகிரி நீரில் எதுவும் வாழவில்லையா?

இல்லை. 400 டிகிரி நீர் வாயிலிருந்து வெளியே வந்து ஒரு சாண் விலகுவதற்குள் கடல்நீரோடு கலந்து ஆறிவிடுகிறது. ரிஃப்டியா இருப்பது பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே, அதாவது சென்னையின் ஒரு நல்ல நாளைவிடக் குளிர்ச்சி.

பாம்பேய் புழு விஷயத்தில்தான் பெரிய சர்ச்சை. 1998-இல் அதன் குழாய்க்குள் வெப்பமானி வைத்து, அடிப்பகுதியில் 80 டிகிரி, வாய்ப்பகுதியில் 22 என்று அளந்தார்கள். உலகிலேயே அதிகச் சூடு தாங்கும் பிராணி என்று எல்லாப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆனால் மேலே கொண்டுவந்தால் அழுத்தம் குறைந்தே செத்துவிடும் என்பதால் யாராலும் சோதிக்க முடியவில்லை. 2013-இல் கடலடி அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே எடுத்துவந்து சூடேற்றிப் பார்த்தபோது, 50 டிகிரியைத் தாண்டியதும் அவை தாங்கவில்லை. குழாய் சூடாக இருப்பதும் உள்ளே இருக்கும் புழு சூடாக இருப்பதும் ஒன்றல்ல, அவ்வளவுதான். அதன் வடக்குப் பசிபிக் உறவான பாராஆல்வினெல்லாவை இதேபோன்ற அழுத்தத் தொட்டியில் விட்டபோது, அது தானாகவே 40 முதல் 50 டிகிரி உள்ள பக்கத்தைத் தேடிப்போனது. அதுவே பெரிய சாதனைதான், 80 எல்லாம் வேண்டாம்.

சூடும் ரசாயனமும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறதா?

உள்பக்க எல்லையை அவை முடிவு செய்கின்றன என்று சொல்லலாம், அதைத் தாண்டி எந்தப் பிராணியாலும் நெருங்க முடியாது. வெளிப்பக்க எல்லை அப்படியில்லை, அங்கே அக்கம்பக்கத்தாரும் கணக்கில் வருகிறார்கள்.

கிழக்குப் பசிபிக்கில் ஆராய்ச்சியாளர்கள் எரிமலைப் பாறைக் கட்டிகளை வெவ்வேறு வளையங்களில் வைத்து, சிலவற்றை வலையால் மூடி, சிலவற்றை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். மீன் நுழைய முடியாத கட்டிகளில் சின்ன நத்தைகள் கூடிப்போயிருந்தன. அதாவது சில இடங்களில் நத்தை குறைவாக இருப்பதற்கு ரசாயனம் காரணமில்லை, மீன் தின்றுவிடுகிறது.

இன்னொரு கதை கலாபகோஸின் 'ரோஸ் கார்டன்'. 1979-இல் பெயருக்கேற்ற ரோஜாத் தோட்டம், எங்கும் ரிஃப்டியா. 1985-இல் போனால் புழுக்கள் குறைந்து சிப்பிகள் ஆக்கிரமித்திருந்தன. சிப்பி மெத்தை விரிசல்மேல் படரும்போது நேராக மேலே வரவேண்டிய நீரைப் பக்கவாட்டில் பரத்திவிடுகிறது என்று அளந்து சொன்னார்கள். மேட்டுவயல்காரன் மடையை அடைத்தால் கீழ்வயல் காய்வதுபோல, புழுவுக்கு வரத்து குறைந்துபோகும்.

எல்லா ஊற்றிலும் குழாய்ப்புழு இருக்குமா?

இருக்காது. படங்களில் எப்போதும் ரிஃப்டியாவையே காட்டுவதால் வரும் தப்பெண்ணம் இது. ரிஃப்டியா கிழக்குப் பசிபிக்கின் ஆள்.

நடு அட்லாண்டிக்கில் அது கிடையாது. டாக் என்ற இடத்தில் (பீட்டர் ரோனா குழு 1985-இல் அங்கே கரும்புகைக் கூண்டுகளைக் கண்டது, ஆழம் சுமார் 3,600 மீட்டர்) கூண்டுச் சுவரை மறைத்துக்கொண்டு இறால் கூட்டம் ஈ மொய்ப்பதுபோல மொய்க்கும். ரிமிகாரிஸ் என்று பெயர். தலைக்கூட்டுக்குள் பாக்டீரியா வளர்த்து அதிலிருந்து பிழைக்கிறது. இதற்குச் சாதாரணக் கண் இல்லை, ஆனால் முதுகில் ஒளியை உணரும் ஓர் உறுப்பு இருப்பதை சிண்டி வான் டோவர் 1989-இல் காட்டினார். கூண்டிலிருந்து வரும் மிக மங்கலான ஒளியை அது உணரலாம் என்பது கருத்து. வெந்து போகாமல் வாயை ஒட்டி வாழவேண்டிய பிராணிக்கு அடுப்பு எங்கே என்று தெரியவேண்டாமா? அதே அட்லாண்டிக்கில், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஆழம் குறைந்த மெனஸ் க்வென் (சுமார் 850 மீட்டர்), லக்கி ஸ்ட்ரைக் (சுமார் 1,700 மீட்டர்) ஊற்றுகளில் இறால் கூட்டத்துக்குப் பதில் சிப்பி மெத்தைதான்.

மேற்குப் பசிபிக்கில், டோங்காவுக்கு அருகேயுள்ள லாவ் படுகையில் நத்தைகளின் ராஜ்யம். நீர் சூடாக வரும் இடத்தில் முடி முளைத்த ஆல்வினிகோங்கா, அடுத்து கறுப்பு இஃப்ரெமீரியா, வெளியே சிப்பி. இனங்கள் மாறினாலும் வரிசை போடும் முறை மாறவில்லை பாருங்கள்.

அண்டார்டிகாவுக்கு அருகே கிழக்கு ஸ்கோஷியா மலைத்தொடரில் 2010-இல் இறங்கிப் பார்த்தபோது குழாய்ப்புழுவும் இல்லை, சிப்பி மெத்தையும் இல்லை, இறால் கூட்டமும் இல்லை. அந்த இடத்தை நிரப்பியிருந்தது கிவா என்ற வெள்ளை நண்டு. சதுர மீட்டருக்கு 700 வரை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தி. நகர் தீபாவளிக் கூட்டமே தோற்றுப்போகும். நெஞ்சு முழுக்க முடி, அதில் பாக்டீரியா பயிர். மார்பு முடிக்குப் பேர்போன நடிகர் டேவிட் ஹாசல்ஹாஃப் பெயரை ஆராய்ச்சிக் கப்பலில் இதற்குச் செல்லப்பெயராக வைத்துவிட்டார்கள். நண்டுக்கு வெளியே நத்தைகள், அதற்கு வெளியே காம்புள்ள கொட்டலசுகள் (கப்பல் அடியில் ஒட்டிக்கொள்ளுமே, அதன் உறவு), அப்புறம் கடல் சாமந்தி.

எந்தக் கடலில் எந்தக் கூட்டம் என்பதை ரசாயனம் மட்டும் முடிவு செய்வதில்லை. மலைத்தொடர்கள் எப்போது இணைந்தன, எப்போது பிரிந்தன, நீரோட்டம் எந்தப் பக்கம் என்ற கோடிக்கணக்கான ஆண்டு வரலாறு அதில் இருக்கிறது. அடுப்பருகே யார் உட்காருவது என்பது ரசாயனம், அந்த ஊருக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பது வரலாறு.

ஒரே இனத்தில் ஆண், பெண், குஞ்சு எல்லாம் சேர்ந்தேதான் இருக்குமா?

அந்தக் கிவா நண்டில் இல்லை. பெரிய ஆண்கள் கூண்டை ஒட்டிச் சூடான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, பாக்டீரியாவும் அங்கேதான் நன்றாக விளையும். முட்டை சுமக்கும் பெண்கள் கூட்டத்தை விட்டு வெளியே, கிட்டத்தட்ட 0 டிகிரிக் குளிர்நீருக்குப் போய்விடுகின்றன. முட்டைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், சல்பைடு ஆகாது. அந்தக் குளிரில் நண்டுக்குத் தீனியும் இல்லை, உடம்பும் ஒத்துழைக்காது, தேய்ந்து மெலிந்துவிடும். பிள்ளைப்பேறு முடிந்து திரும்பி வர முடிகிறதா என்பதே சந்தேகம்தான். வரைபடத்தில் வளையம் என்று பார்க்கும்போது இதெல்லாம் தெரிவதில்லை.

ஊற்றின் தாக்கம் எவ்வளவு தூரம்?

அடர்த்தியான கூட்டம் என்று பார்த்தால் சில மீட்டர், மிஞ்சிப்போனால் சில பத்து மீட்டர். அதற்கு அப்புறம் சட்டென்று வெறும் பாறை. ஆனால் கூண்டிலிருந்து எழும் புகை சில நூறு மீட்டர் மேலே போய்ப் பரவி வெகுதூரம் மிதந்து போகிறது, ஆழ்கடல் மீன்களும் ஆக்டோபஸ்களும் தீனிக்காக ஊற்றுப்பக்கம் வந்துபோகின்றன.

ஊற்றுக்கு நடுவில் இன வகை குறைவு, எண்ணிக்கை மிக அதிகம். வெளியே போகப்போக எண்ணிக்கை குறைந்து வகை கூடும். நஞ்சைத் தாங்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், தாங்கத் தெரிந்துவிட்டால் சோறு அளவில்லாமல் கிடைக்கிறது.

ஊற்று அணைந்துபோனால்? எரிமலை வெடித்தால்?

கிழக்குப் பசிபிக்கில் வடக்கு அட்சம் 9 டிகிரி 50 நிமிடம் என்ற இடம் இதற்குப் பாடப்புத்தகம். 1991 ஏப்ரலில் ஆல்வின் இறங்கியபோது எரிமலை அப்போதுதான் வெடித்து முடிந்திருந்தது. கருகிய புழுக்கள் சிதறிக்கிடந்தன, நீரில் பாக்டீரியாத் துணுக்குகள் பனிப்பொழிவுபோலப் பறந்தன. ஓராண்டுக்குள் டெவ்னியா என்ற சின்னக் குழாய்ப்புழு வந்துவிட்டது. 1993 டிசம்பரில் போனால் ரிஃப்டியா ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நின்றது. ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கிறது! கடல்வாழ் முதுகெலும்பில்லாத பிராணிகளில் இந்த வேகம் அபூர்வம். சிப்பிகள் மெதுவாக, 1995 வாக்கில் வந்தன. சல்பைடு வரத்து குறையக் குறைய இந்த வரிசையில் ஆட்கள் மாறுகிறார்கள். ஆக, நாம் இடத்தில் பார்த்த அதே வளையங்கள் காலத்திலும் ஓரளவு வருகின்றன.

2005-06-இல் அதே இடம் மறுபடி வெடித்தது. நில அதிர்வை அளக்க வைத்திருந்த கருவிகள் சில லாவாவில் சிக்கிக்கொண்டன. 2025 ஏப்ரல் இறுதியிலும் வெடிப்பு. சில நாள் முன்பு வரை செழிப்பாக இருந்த டிகா என்ற புழுத்தோட்டத்தைத் தேடி ஆல்வினில் இறங்கியவர்கள் புதுப் பாறையைத்தான் பார்த்தார்கள். கலாபகோஸ் ரோஸ் கார்டனும் 2002-இல் தேடியபோது லாவாவுக்கு அடியில் போயிருந்தது. அருகிலேயே குழந்தை ஊற்று ஒன்று முளைத்திருந்தது, ரோஜாமொட்டு என்று பொருள்பட அதற்கு 'ரோஸ்பட்' என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாக் கடலிலும் இந்த அவசரம் இல்லை. கிழக்குப் பசிபிக்கில் தட்டுகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் விலகுகின்றன, எரிமலையும் ஊற்றும் வருவதும் போவதுமாக இருக்கும். நடு அட்லாண்டிக்கில் விலகல் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். டாக் போன்ற ஊற்றுகள் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓடுகின்றன.

ஒட்டிக்கொண்டே வாழும் புழு அடுத்த ஊற்றுக்கு எப்படிப் போகிறது?

குஞ்சுப் பருவத்தில், மிதந்து. ரிஃப்டியாவின் குஞ்சு முட்டைக்கருவின் கொழுப்பை மட்டும் நம்பி, அந்தக் குளிர்நீரில் சுமார் 38 நாள் தாங்கும் என்று 2001-இல் கணக்கிட்டார்கள். நீரோட்டத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம். அதற்குள் இன்னொரு ஊற்று கிடைத்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை. மலைத்தொடரின் நடுப்பள்ளம் வாய்க்கால்போல இருப்பதால் குஞ்சுகள் நடுக்கடலில் சிதறாமல் ஓரளவு அதற்குள்ளேயே போகும்.

கிழக்குப் பசிபிக்கின் அந்த 2006 வெடிப்புக்கு அப்புறம் ஓர் ஆச்சரியம். அந்த இடத்தில் அதுவரை பார்த்திராத க்டெனோபெல்டா என்ற நத்தை வந்து குடியேறியது. அது இருப்பதாகத் தெரிந்த மிக அருகிலுள்ள ஊர் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். பழைய குடிகள் எல்லாம் அழிந்தபிறகு காலி மனை யாருக்குக் கிடைக்கிறது என்பது அன்றைக்கு அந்தப் பக்கம் மிதந்துவந்த குஞ்சு யாருடையது என்பதைப் பொறுத்தது.

கடல்தரைக்கு அடியிலும் பிராணிகள் இருக்கிறதாமே?

ஆமாம், புதுச் செய்தி இது. 2023-இல் அதே கிழக்குப் பசிபிக் இடத்தில் 'ஃபால்கோர் டூ' கப்பலிலிருந்து இறக்கிய ரோபோ, லாவாப் பாளங்களைப் புரட்டிப் பார்த்தது. கீழே வெதுநீர் தேங்கிய குழிகளில் வளர்ந்த குழாய்ப்புழுக்களும் நத்தைகளும் இருந்தன. 2024-இல் கட்டுரை வெளிவந்தது. இதுவரை வளையங்களைத் தரைமட்டத்தில் மட்டுமே வரைந்துகொண்டிருந்தோம், வீட்டுக்கு நிலவறையும் உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது.

இந்தியப் பெருங்கடலில் உண்டா?

உண்டு, அதுவும் மிகச் சுவையான கூட்டம். ரொட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே மூன்று நிலத்தட்டுகள் சந்திக்கும் இடத்துக்கு அருகே, கைரெய் என்ற ஊற்றை 2000-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே கூண்டில் மொய்க்கும் இறால் அட்லாண்டிக் இறாலின் நெருங்கிய சொந்தம், நத்தையும் சிப்பியும் மேற்குப் பசிபிக்கின் சொந்தம். இரண்டு பக்கத்துச் சம்பந்தமும் ஒரே பந்தியில்.

2001-இல் அங்கே கிடைத்ததுதான் செதில்கால் நத்தை. காலைச் சுற்றி இரும்பு சல்பைடு பூசிய செதில்கள், ஓட்டிலும் அதே பூச்சு. நீரில் இரும்பு குறைவான சொலிட்டேர் என்ற ஊற்றில் அதே இனம் கவசமில்லாமல் வெள்ளையாக இருக்கிறது. கவசத்தின் இரும்பும் ஊர்நீரைப் பொறுத்ததுதான்.

நம் பக்கத்துத் தொடர்பும் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பகுதியில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைத் தானியங்கி நீர்மூழ்கியால் படம்பிடித்தன. மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' உருவாவதும் அதே பள்ளிக்கரணை நிறுவனத்தில்தான்.

இதையெல்லாம் சுரங்கம் தோண்டப் போகிறார்களா?

கூண்டுகளில் செம்பு, துத்தநாகம், தங்கம் இருப்பதால் பல நாடுகள் ஆய்வு உரிமம் வாங்கியிருக்கின்றன. இந்தியாவும் 2016-இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 10,000 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தம் போட்டது. இது ஆய்வுக்கு மட்டும், தோண்டுவதற்கு இல்லை.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. செதில்கால் நத்தை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஊற்றுகளில்தான் தெரியவந்திருக்கிறது. 2019-இல் அது அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது, ஆழ்கடல் சுரங்க அபாயத்தைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கப்பட்ட முதல் இனம். "எரிமலையில் அழிந்தாலும் திரும்ப முளைக்கிறதே, சுரங்கத்தையும் தாங்காதா?" என்று கேட்கிறார்கள். அது கிழக்குப் பசிபிக்கின் கதை. அங்கே ஊற்றுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, உயிரிகளும் வெடிப்புக்குப் பழகியவை. இந்திய மலைத்தொடர்களில் விலகல் மெதுவானது, ஊற்றுகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. ஒன்றைக் கலைத்தால் விதை எங்கிருந்து வரும்? ஓடிக்கொண்டிருக்கும் ஊற்றைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. அணைந்துபோன பழைய கூண்டுகளைப் பற்றிப் பேசலாம், அங்கேயும் பஞ்சுயிரிகளும் பவளங்களும் குடியிருக்கின்றன என்பதை மறக்காமல்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும். ஷ்மிட் பெருங்கடல் நிறுவனம், 'நாட்டிலஸ்' கப்பலை இயக்கும் குழு போன்றவர்கள் ரோபோ கடலில் இறங்கும்போது யூடியூபில் நேரலை போடுகிறார்கள். நம் நேரத்துக்கு நள்ளிரவாகவும் இருக்கும், பாதி நேரம் வெறும் பாறைதான் ஓடும், பொறுமை வேண்டும். ஊற்று வந்ததும் கூண்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வெயில் நேரத்தில் தார்ச்சாலைமேல் காற்று நெளியுமே, அதுபோல நீர் எங்கே நெளிகிறது என்று பாருங்கள். நெளிவு தொடங்கும் இடத்தில் யார், அது மங்கும் இடத்தில் யார், நின்றுபோன இடத்தில் யார் என்று கவனித்தால் இரண்டு மூன்று ஊற்றுக்குள் கண் பழகிவிடும். அப்புறம் நீர் தெரியாத கோணத்திலும், நிற்கிற பிராணியைப் பார்த்தே வெதுநீர் எந்த விரிசலில் வருகிறது என்று சொல்லிவிடலாம்.